அறைந்து சாத்தும் கதவு

வரைபடத்தில் எந்த இடத்துக்கும் பெயர் எழுதவில்லை நான்.
ஆறு பாய், நான்கரைப் பாய், மூன்று பாய்
என்று அளவு மட்டும்.
"படுக்கையறை எது?" என்றார் யசுஹிதெ.
படுக்கையை எங்கே விரிக்கிறீர்களோ அது, என்றேன்.
வீடு வரைகிறவர்களுக்கு இப்படிப் பேசும் வியாதி உண்டு.

ஊர் மட்சுவே.
சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே
என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பக்கம்.
ஏரிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே
மூன்றாவது கார் வந்தால் மூச்சு முட்டுமளவு நிலம்.

கயானோவுக்கு அஞ்சல் பிரிக்கும் நிலையத்தில் இரவு வேலை.
அவருக்கு வீட்டிலேயே, பகலில்:
ரைஸ் குக்கர்களுக்கு உபயோகக் கையேடு எழுதுகிறார்.
ஒரே ஆறு பாய்க்கு இரண்டு சொந்தக்காரர்கள்,
சூரியன் கைமாற்றிக் கொடுக்கும் குத்தகை.

ஆகவே சுவர் வைக்கவில்லை.
இங்கத்துப் பழைய வீடுகளில் இருப்பதுபோலத்
தரைக்கட்டையில் விரல் அகலப் பள்ளங்கள் இழைத்து
ஏழு தட்டிகளை ஓடவிட்டேன்.
நான்கு காகிதம், மூன்று மரம்.
மெத்தையை மடித்து அலமாரிக்குள் தள்ளினால்
கனவு கண்ட இடத்தில் மேசை நிற்கும்.
விருந்தாளி வந்தால் வீடு முழுக்கக் கூடம்.
காய்ச்சல் வந்தால் ஒரு மூலை மட்டும் வீடு.

பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படம் பிடித்தார்.
"ஒன்றுமில்லாததை வரைந்திருக்கிறீர்கள்" என்றார்.
பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஆண்டு ஜூன் மழையில்
கயானோ தொலைபேசினாள்.
"ஒரு கதவு வேண்டும்."
எங்கே?
"எங்கே என்றாலும் சரி. கீல் வைத்த கதவு.
படாரென்று அறைந்து சாத்தக்கூடியது."

போய்ப் பார்த்தேன்.
கோபத்தில் எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும்
தட்டி தன் வேகத்தில்தான் போகிறது.
நான் ஒட்டிய கம்பளித் துணியில் போய் முட்டி
"ம்" என்கிறது.
"நான் கத்துகிறேன், உங்கள் வீடு
கதை கேட்பதுபோல ம் கொட்டுகிறது" என்றாள்.
பிறகு அந்தப் பக்கம் விளக்கெரிகிறது.
யாரைப் பார்க்கக் கூடாதென்று இழுத்து மூடினாளோ
அவர் காகிதத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்,
மூக்கு மட்டும் கொஞ்சம் நீளமாக.

அறை இல்லாத வீடு என்று பெருமைப்பட்டிருந்தேன்.
அறைவதற்கு ஒன்றும் இல்லாத வீடு என்று தோன்றவேயில்லை.

இரண்டாம் தட்டியில் கைமுட்டி அளவு ஓட்டை.
யார் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.
கையேட்டுத் தாளொன்றை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தது.
குனிந்து வாசித்தேன்:
"ஆவி அடங்கும்வரை மூடியைத் திறக்க வேண்டாம்."

செருப்புக் கழற்றும் இடத்தருகே
ஒரு சட்டம் நட்டு, கதவு மாட்டினேன்.
கெட்டி மரம், இரண்டு பித்தளைக் கீல், உருண்டைப் பிடி.
இருபுறமும் சுவர் கிடையாது.
சுற்றிக்கொண்டு நடந்து போய்விடலாம்.
மூவரும் ஆளுக்கொரு முறை சாத்திப் பார்த்தோம்.
அடுக்கில் கிண்ணங்கள் அதிர்ந்தன.
யசுஹிதெ இன்னொரு முறை கேட்டார்.
பில்லில் காரணம் எழுதும் கட்டத்தைக்
காலியாக விட்டேன்.

நவம்பரில் அழைத்தார்கள். ஏரி மட்டி போட்ட சூப்,
கூடவே வெளியே அதே மழை.
சட்டத்தைச் சுற்றிக்கொண்டு வராமல்
கதவைத் திறந்துதான் உள்ளே வந்தேன், ஏனோ.
பிடியில் இரண்டு குடைகள் தொங்கிச் சொட்டின.
கீழே பாயின் ஓரம் கறுத்திருந்தது.

இப்போது சண்டை இல்லையா, என்றேன்.

"உண்டு" என்றார் யசுஹிதெ,
மட்டி ஓடுகளைக் கிண்ணத்தின் மூடியில் ஒதுக்கியபடி.
"ஆனால் சாத்துவதற்கு முன்
குடைகளை எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது."